புரோப் யார் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 24 வயது. பி.எஸ்சி. ரேடியாலஜி இமேஜிங் டெக்னாலஜி முடித்துவிட்டு, தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்றரை வருடமாக ஸ்கேன் டெக்னீஷியனாக இருக்கிறேன். அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், தம்பி படிக்கிறான். ஆரம்பத்தில் ஸ்கேன் ரூமில் டாக்டருக்கு உதவி மட்டும்தான் செய்தேன். டாக்டர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வருவார். “நீயே பார்த்துப் படம் எடுத்து வை, டாக்டர் வந்து ரிப்போர்ட் போட்டுக்குவார்” என்று மேனேஜர் சொன்னார். முதலில் வயிற்று ஸ்கேன் மட்டும் பார்த்தேன். இப்போது கர்ப்பிணிகளையும் நானே பார்க்கிறேன். போன வாரம் ஏழு வாரக் கர்ப்பம் என்று வந்த ஒரு அக்காவுக்குத் துடிப்பு தெரியவில்லை. “கொயந்த நல்லா கீதாம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு வார்த்தையே வரவில்லை. இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கை நன்றாக வருகிறது என்று டாக்டரே சொல்கிறார். நான் செய்வது சரியா? அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியனாகவே முன்னேற வழி இருக்கிறதா? வலது தோள்பட்டை வேறு ராத்திரி முழுக்க வலிக்கிறது.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொருக்குப்பேட்டை)

பதில்: ஒரு ரேடியாலஜிஸ்டாக, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் அம்மா. நாளையிலிருந்து கர்ப்பிணி வயிற்றில் நீங்கள் புரோப் (ஸ்கேன் பார்க்கக் கையில் பிடிக்கும் கருவி) வைக்காதீர்கள். மேனேஜர் சொன்னாலும், டாக்டரே போனில் சொன்னாலும், “ஒரே ஒரு கேஸ்தான், தூரத்திலிருந்து வந்திருக்காங்க” என்று கெஞ்சினாலும் வேண்டாம். உங்கள் திறமையைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. நம் நாட்டில் கர்ப்பிணிக்கு ஸ்கேன் பார்க்கும் உரிமை டாக்டருக்கு மட்டும்தான். அதுவும் எல்லா டாக்டருக்கும் கிடையாது. ரேடியாலஜி முதுநிலை படித்தவர், மகப்பேறு மருத்துவர், அல்லது எம்.பி.பி.எஸ். முடித்து ஆறு மாதம் அல்ட்ராசவுண்ட் பயிற்சி எடுத்துத் தேர்வும் முடித்தவர். மையத்தின் பதிவில் அவர் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் டெக்னீஷியன் இல்லை.

கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டம் என்று கல்லூரியில் ஒரு பாடமாகப் படித்திருப்பீர்கள். 1994-இல் நிறைவேறி, 1996-இல் நடைமுறைக்கு வந்து, 2003-இல் திருத்தப்பட்ட சட்டம் அது. ஆண், பெண் சொல்லக் கூடாது என்பதோடு அது முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் நிரப்பவேண்டிய, நீங்கள் தினமும் எடுத்து நீட்டுகிற ஃபார்ம் எஃப்-ஐ ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கடைசியில் ஸ்கேன் செய்த டாக்டரின் உறுதிமொழி இருக்கும். இந்தப் பெண்ணுக்கு ஸ்கேன் செய்தபோது சிசுவின் பாலினத்தை நான் கண்டறியவும் இல்லை, யாருக்கும் எந்த வகையிலும் தெரிவிக்கவும் இல்லை என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். மத்தியானம் மூன்று மணிக்கு நீங்கள் பார்த்த ஸ்கேனுக்கு, ஆறு மணிக்கு வந்து “நான் ஸ்கேன் செய்தபோது” என்று அவர் கையெழுத்திட்டால், அந்தத் தாள் பொய். ஃபார்மில் குறையோ தவறோ இருந்தாலே சட்டத்தை மீறியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு ஸ்கேன் செய்தவர் தலையில் விழும்.

“நான் சம்பளத்துக்கு வேலை செய்கிறவள்தானே, எனக்கென்ன வரும்?” என்று நினைக்காதீர்கள். அங்கே வேலை பார்த்துத் தொழில்நுட்ப சேவை தருகிறவரையும் சேர்த்துத்தான் தண்டனைப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. முதல் முறை என்றால் மூன்று ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மறுபடி மாட்டினால் ஐந்து ஆண்டு வரை, 50,000 ரூபாய் வரை. ஜாமீனில் வர முடியாத குற்றம் என்றே சட்டம் சொல்கிறது. 24 வயதில் உங்கள் பெயர் அப்படி ஒரு ஃபைலில் ஏற வேண்டாம்.

சரி, சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்பதற்கு வேலையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு அதுதான் சட்டத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. எக்ஸ்ரேயோ சி.டி.யோ நீங்கள் எடுத்தால், உடம்பின் அந்தப் பகுதி முழுக்கப் படத்தில் வந்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு வேறொரு ஊரில் உட்கார்ந்து பார்க்கும் டாக்டருக்கும் அதே படம்தான். நீங்கள் கவனிக்காத ஒன்றை அவர் கண்டுபிடித்துவிடுவார். அல்ட்ராசவுண்ட் அப்படியில்லை. இருட்டில் டார்ச் அடித்துத் தேடுவது மாதிரி, வெளிச்சம் பட்ட இடம் மட்டும்தான் தெரியும். கை எந்தக் கோணத்தில் சாய்ந்ததோ, எங்கே அழுத்தியதோ, எங்கே நின்றதோ அதுதான் படம். நீங்கள் சேமித்துவைத்த எட்டுப் பத்துப் படங்களில் இல்லாத ஒன்றை, எவ்வளவு அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்டாலும் பார்க்க முடியாது. இங்கே பார்ப்பதும் முடிவெடுப்பதும் ஒரே நேரத்தில் ஒரே ஆளிடம் நடக்கிறது. ஆகவே ரிப்போர்ட் எழுதுகிறவர் கையில்தான் புரோப் இருக்க வேண்டும்.

அந்த அக்காவின் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு வாரம் என்பது அவர் சொன்ன கடைசி மாதவிலக்குத் தேதிக் கணக்கு. சுழற்சி நாற்பது நாள் வருகிற பெண்ணாக இருந்தால், கரு உண்மையில் ஐந்தரை வாரத்தில்கூட இருக்கலாம். அப்போது துடிப்பு தெரியாமல் இருப்பது இயல்பு. வயிற்றின் மேலிருந்து பார்த்தால் இன்னும் தெரியாது, உள் ஸ்கேன் வேண்டும். அதிலும் கருவின் நீளம் 7 மில்லிமீட்டரைத் தொட்ட பிறகும் துடிப்பு இல்லை என்றாலோ, கரு வளரும் பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரைத் தொட்ட பிறகும் உள்ளே கரு தெரியவில்லை என்றாலோதான் கர்ப்பம் நிலைக்கவில்லை என்று உறுதியாகச் சொல்வோம். அதற்குக் கீழே என்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுத்து மறுபடி பார்ப்போம். பார்த்த அன்றைக்கே “துடிப்பு இல்லை” என்று ஒரு வார்த்தை வெளியே போய், வீட்டில் யாரோ மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதோடு முடியவில்லை. கர்ப்பப்பைக்குள் கரு தெரியவில்லை என்றால் பக்கத்தில் இரண்டு சினைப்பைகளையும் பார்க்க வேண்டும், கர்ப்பப்பைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரு, கருக்குழாயில் தங்கியிருந்தால் தாயின் உயிரே போகலாம். நீங்கள் கர்ப்பப்பையை மட்டும் இரண்டு படம் எடுத்து வைத்தால், ஆறு மணிக்கு வரும் டாக்டருக்கு மற்றதெல்லாம் எப்படித் தெரியும்? அதற்குள் அந்த அக்கா வீட்டுக்குப் போயிருப்பார். ரத்தப்போக்கோ ஒரு பக்க வயிற்று வலியோ மயக்கமோ சொல்லிக்கொண்டு ஒரு கர்ப்பிணி டாக்டர் இல்லாத நேரத்தில் வந்தால், டோக்கன் போட்டு உட்காரவைக்காதீர்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்கு அல்லது ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு உடனே அனுப்பச் சொல்லிக் கேஷுவாலிட்டியில் சொல்லுங்கள்.

அந்த அக்கா கேட்ட கேள்விக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டால், “டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும்க்கா, அதுவரைக்கும் நான் பக்கத்துலயே இருக்கேன்” என்பது போதும். “எல்லாம் நல்லா இருக்கு” என்று ஆறுதலுக்காகக்கூடச் சொல்லக் கூடாது. பிறகு அவர் எங்கே யாரிடம் போனாலும் அந்த ஒரு சொல்லைத்தான் நம்பிக்கொண்டிருப்பார். மானிட்டரைச் சட்டென்று திருப்புவது, வெளியே ஓடி இன்னொருவரைக் கூப்பிட்டு வந்து காதில் பேசுவது இதெல்லாமும் வேண்டாம். படுத்திருக்கிறவர் திரையைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைத்தான் பார்க்கிறார். டாக்டர் விஷயத்தைச் சொன்ன பிறகு உங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. ஜெல்லை நீங்களே துடைத்துவிடுங்கள், டிஷ்யூவைக் கையில் திணித்து “எழுந்துக்கோங்க” என்று சொல்லாதீர்கள். கூட வந்தவரை உள்ளே அழையுங்கள். உட்கார ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் தண்ணீர். பெரிய வயிறோடு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் நடுவே அவரை நடத்திக்கொண்டு போகாமல் வேறு வழி இருந்தால் அந்த வழியாக அனுப்புங்கள். இதை டாக்டர் செய்ய மாட்டார், அடுத்த கேஸுக்குப் போயிருப்பார். நீங்கள்தான் செய்ய முடியும்.

மேனேஜரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அப்பா சம்பளம், தம்பி படிப்பு எல்லாம் கண் முன்னால் வரும், எனக்குப் புரிகிறது. முதலில் டாக்டரிடம் பேசுங்கள். சட்டப்படி அதிகம் இழக்கப்போகிறவர் அவர்தான், மெடிக்கல் கவுன்சில் பதிவே போகலாம். “சார், ஃபார்ம் எஃப்-ல உங்க கையெழுத்து இருக்கு, நீங்க இல்லாதப்ப கர்ப்பிணிகளை நான் பார்க்கறது உங்களுக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். மேனேஜரிடம் போகும்போது மாற்று வழியைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் பார்க்கிற என்.டி. ஸ்கேன், 18 முதல் 20 வார வாக்கில் பார்க்கிற அனாமலி ஸ்கேன், அப்புறம் குரோத் ஸ்கேன் எல்லாமே முன்கூட்டியே நாள் குறித்து வருகிறவை. எல்லாரையும் ஆறு மணிக்கு மேல் அப்பாயின்ட்மென்ட் போட்டு வரவழைக்கலாம். ஃபார்ம், பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்), பழைய ரிப்போர்ட் எல்லாம் தயாராக வைக்கிறேன், டாக்டர் வந்ததும் வேகமாக முடியும் என்று சொல்லுங்கள். வாயால் சொன்னதை அன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் வேறு வேலை தேடிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். சி.டி., எம்.ஆர்.ஐ. பார்க்கத் தெரிந்த ரேடியோகிராஃபருக்கு வேலை கிடைக்கும். பெரம்பூரிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் எத்தனை மருத்துவமனை, எத்தனை டயக்னாஸ்டிக் சென்டர் இருக்கிறது! இப்போதிருக்கும் இடத்தில் எக்ஸ்ரேயும் உங்களை எடுக்கச் சொல்கிறார்களா என்று கடிதத்தில் இல்லை. எடுக்கிறீர்கள் என்றால் உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை உங்கள் பெயரில் கேட்டு வாங்குங்கள். புகார் கொடுக்க நினைத்தால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தில் கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று உங்களை நான் நெருக்க மாட்டேன். தொடர்ந்து செய்ய வேண்டாம் என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

ஆணா பெண்ணா என்ற கேள்வி பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். “லட்டா, ஜிலேபியா?” என்று பாட்டிகள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள், நூறு ரூபாயைக் கையில் வைப்பார்கள். வார்த்தையால் மட்டுமல்ல, சைகையாலும் வேறு எந்த வகையாலும் தெரிவிக்கக் கூடாது என்பதுதான் சட்டம். “நீலக் கலர் சட்டை எடுங்க” என்று விளையாட்டாகச் சொல்வதும் அதில் சேரும். சுவரில் மாட்டியிருக்கும் போர்டைக் காட்டி “இங்க யாரும் சொல்ல மாட்டாங்கம்மா” என்று முடித்துவிடுங்கள். கேட்கிறவரும் தண்டனைக்கு உள்ளாவார். ஆனால் கர்ப்பிணிப் பெண்ணை மட்டும், கணவரோ உறவினரோ வற்புறுத்தியிருப்பார்கள் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கவேண்டிவந்த மாநிலம் நம்முடையது. 2011 கணக்கெடுப்பில்கூட ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள்தான். அந்தக் கேள்வி கேலியாக வந்தாலும் நாம் கேலியாக எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் ஸ்கேன் ரூமில் எனக்கு என்னதான் வேலை என்று நினைப்பீர்கள். நல்ல டெக்னீஷியன் இருக்கிற ரூமுக்கும் இல்லாத ரூமுக்கும் உள்ள வித்தியாசம் எங்களைப் போன்ற ரேடியாலஜிஸ்டுகளுக்கு உள்ளே நுழைந்ததுமே தெரியும். வரிசையில் இரண்டு லட்சுமி இருந்தால் கணவர் பெயரும் வயதும் கேட்டுச் சரியான லட்சுமியைப் படுக்கவைப்பவர் நீங்கள். கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்கும்போது “பொங்கலுக்கு முன்னாடியா பின்னாடியா?” என்று கேட்டு நினைவூட்டி, சுழற்சி எத்தனை நாள் என்றும் எழுதி வைத்தால், டாக்டரின் பாதி வேலை முடிந்துவிடும். உள் ஸ்கேன் புரோபுக்கு ஒவ்வொரு முறையும் புது உறை போடுவது, முடிந்ததும் ஜெல்லைத் துடைத்துவிட்டு, கம்பெனி சொன்ன கிருமிநாசினியில் சொன்ன நேரம் வைப்பது, இதில் ஒரு முறைகூடக் குறுக்குவழி கூடாது. ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தால் சில புரோபுகளின் முன்பக்க ரப்பரில் வெடிப்பு விழுந்துவிடும், அதையும் கவனியுங்கள். ஆண் டாக்டர் பார்க்கும்போது பெண்ணாக நீங்கள் பக்கத்தில் நிற்பதே அந்தப் பெண்ணுக்குப் பெரிய தைரியம். ஃபார்ம் எஃப் பதிவுகளை இரண்டு ஆண்டு பத்திரமாக வைப்பதும், மாத அறிக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் போகிறதா என்று பார்ப்பதும் உங்கள் மேசைக்கு வரும் வேலைகளே.

அடுத்து முன்னேற்றம். வெளிநாட்டில் சோனோகிராஃபர் என்று தனித் தொழில் உண்டு. அங்கே அதற்கென்றே படித்து, மேற்பார்வையில் பழகி, தேர்வு எழுதித்தான் புரோப் பிடிக்கிறார்கள். அமெரிக்காவில் ஏ.ஆர்.டி.எம்.எஸ். சான்றிதழுக்கு அல்ட்ராசவுண்ட் இயற்பியல் தேர்வு ஒன்று, வயிறு அல்லது மகப்பேறு போன்ற பிரிவில் ஒன்று எழுத வேண்டும். எழுதுவதற்கே படிப்பும் நேரடி அனுபவமும் சான்றோடு காட்ட வேண்டும். இங்கிலாந்தில் ரேடியோகிராஃபராக எச்.சி.பி.சி. என்ற பதிவு அமைப்பில் பதிவு வாங்கிப் போய், அங்கே சோனோகிராஃபி முதுநிலை படிக்கிறவர்கள் உண்டு. உங்கள் பட்டத்துக்கு இந்த வழி பொருத்தமாகத் தெரிகிறது. வளைகுடா நாடுகளில் உரிமத் தேர்வு இருக்கிறது, சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் மூலம் சரிபார்ப்பார்கள், போலி அனுபவச் சான்றிதழ் அங்கே எடுபடாது.

உள்ளூரிலேயே இருக்க ஆசையென்றால், புரோப் பிடிக்கும் கைக்கு எக்கோ என்கிற இதய ஸ்கேன் நல்ல இடம். பெரியவர்களுக்கான எக்கோவைப் பல மருத்துவமனைகளில் கார்டியாக் டெக்னீஷியன்கள்தான் எடுக்கிறார்கள், இதய மருத்துவர் பார்த்து முடிவு சொல்கிறார். ஆனால் அதற்கு கார்டியாக் டெக்னாலஜி தனிப் படிப்பு. உங்கள் பட்டத்தோடு மேலே போக எம்.ஆர்.ஐ., சி.டி. நேர்வழி. அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்), ரயில்வேக்கு ஆர்.ஆர்.பி. (ரயில்வே தேர்வு வாரியம்) பாராமெடிக்கல் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எந்தப் படிப்பைக் கேட்கிறார்கள் என்பதை ஒவ்வொரு அறிவிப்பிலும் வரிக்கு வரி படியுங்கள், டிப்ளமோ கேட்கும் இடமும் உண்டு. “ஆறே மாதத்தில் அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன்” என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நம்பிப் பணம் கட்டாதீர்கள். டாக்டர் அல்லாத ஒருவருக்கு இங்கே கர்ப்பிணியை ஸ்கேன் பார்க்கும் உரிமையை அந்தச் சான்றிதழ் எதுவும் தராது.

தோள்பட்டை வலி, நீங்கள் நாள் முழுக்க எத்தனை ஸ்கேன் பார்க்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி. உலகம் முழுக்க ஸ்கேன் பார்க்கிறவர்களுக்கு வருகிற வலிதான். கையை உடம்பிலிருந்து தூக்கியே வைத்திருப்பது, புரோபை இறுக்கிப் பிடித்து அழுத்துவது, கழுத்தைத் திருப்பி மானிட்டரைப் பார்ப்பது, மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை. ஸ்கேனை நிறுத்தினால் பெரும்பாலும் குறையும். இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை, கை மரத்துப்போகிறது, தூக்க முடியவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பிற்காலத்தில் எக்கோவோ சோனோகிராஃபியோ செய்யப் போனால், நோயாளியைக் கட்டிலின் ஓரத்துக்கு, உங்கள் பக்கம் நகர்ந்து படுக்கச் சொல்லும் பழக்கத்தை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை விலாவை ஒட்டி இருக்க வேண்டும், மானிட்டர் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும், கேபிளின் கனம் மணிக்கட்டில் தொங்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. அந்த இடத்தைவிட்டு வரும்போது அனுபவச் சான்றிதழ் கேட்பீர்கள். “அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் தனியாகச் செய்தார்” என்று பெருமையாக எழுதித் தர அவர்கள் தயாராக இருப்பார்கள். வாங்காதீர்கள், அது உங்களுக்கே எதிரான ஆதாரம். வேலைக்குச் சேர்ந்தபோது தந்த ஆர்டரில் என்ன பதவி போட்டிருக்கிறதோ அதே பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, எக்ஸ்ரே, சி.டி. எடுத்திருந்தால் அந்த விவரம், ஸ்கேன் அறையில் டாக்டருக்கு உதவியது, இவ்வளவும் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் முத்திரையுமாக இருந்தால் போதும்.